புரட்டாசி சனிக்கிழமையில் பிரியாணி

வாரத்தில் ஆறு நாள் ஜாக்கெட் தைப்பேன். ஏழாவது நாள் எங்கள் சபையில் சின்னப் பிள்ளைகளுக்கு வேதப் பாடம் எடுப்பேன். இரண்டிலும் எனக்கு வாய் ஓயாது. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் காலனியில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். கோபம் வந்தால் இன்னும் அதிகமாகப் பேசுவேன் என்பதை இரண்டாவதாகச் சொல்வார்கள்.

நான் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வது பெரிய விருந்து உவமை. ஒரு மனிதர் பெரிய விருந்து வைக்கிறார். முன்னாடியே எல்லாரையும் அழைத்தாயிற்று. சமையல் முடிந்ததும், வாங்க, எல்லாம் தயார் என்று ஆள் அனுப்புகிறார். ஒருத்தர் நிலம் வாங்கியிருக்கிறேன், போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார். இன்னொருத்தர் ஏர்மாடு வாங்கியிருக்கிறேன், ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறார். மூன்றாவது ஆள் இப்போதுதான் கல்யாணம் ஆனது, வருவதற்கில்லை என்கிறார். விருந்து வைத்தவருக்குக் கோபம் வந்துவிடுகிறது. தெருவிலும் சந்திலும் வேலியோரத்திலும் இருப்பவர்களை வருந்தி வருந்திக் கூட்டி வா, என் வீடு நிறையட்டும் என்று வேலைக்காரனிடம் சொல்கிறார். முதலில் அழைத்தும் வராதவர்கள் ஒருத்தருக்கும் இந்தச் சாப்பாடு கிடையாது என்று சொல்லி முடித்துவிடுகிறார்.

இந்தக் கதையில் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று எங்கள் ஜனம் தேடவே வேண்டியதில்லை. வேலியோரத்தில் இருக்கிறோம். சொந்த நிலம் என்று ஒன்று இல்லாமல் அடுத்தவர் கழனியில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்ட குடும்பங்கள். ஊருக்குள் கல்யாணம் என்றால் கடைசிப் பந்திக்குக் காத்திருந்த காலத்தை எங்கள் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் இந்தக் கதை சபையில் வரும்போதெல்லாம் எங்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். நம்மைக் கூப்பிட்ட ஒரே வீடு அந்த வீடுதானே. விருந்து வைத்தவருடைய இடத்தில் நின்று இந்தக் கதையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. விருந்து வைக்க வீடு இருந்தால்தானே தோன்றும்.

போன புரட்டாசியில் எங்களுக்கு வீடு வந்தது. அரசாங்கம் கொஞ்சம், நாங்கள் கொஞ்சம் என்று போட்டுக் கட்டிய வீடு. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, மேலே தளம். அதுவரைக்கும் என் அம்மா வீட்டில்தான் இருந்தோம்.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பிரியாணி மாஸ்டர். காஞ்சிபுரத்திலிருந்து மதுராந்தகம் வரைக்கும் எந்த மண்டபத்தில் கல்யாணம் என்றாலும் தேக்சாவுக்கு முன்னால் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்பார். தேக்சா என்றால் ஆள் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரிய பாத்திரம். ஊரெல்லாம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறது. ஆனால் தன் வீட்டு வாசலில் நின்று, வாங்க சாப்பிடுங்க என்று யாரையும் அவர் கூப்பிட்டதில்லை. நான் எவ்வளவுக்குப் பேசுவேனோ அவ்வளவுக்குப் பேசமாட்டார். பேசாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்த ஆசை ஒன்று அவருக்கு இருந்தது. அவருடைய அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிட வேண்டும்.

அப்பா போனபிறகு அவரைத் தூக்கி வளர்த்தவர் அந்த அண்ணன். தென்னேரியில் இருக்கிறார். பெருமாள் பக்தர். தம்பி என்னைக் கல்யாணம் செய்து ஞானஸ்நானம் எடுத்தபோது ஒரு வார்த்தை முகம் சுளித்ததில்லை. அவருக்குக் குறை வேறு. தம்பி மாமியார் வீட்டோடு போய் உட்கார்ந்துவிட்டான் என்பதுதான் குறை. வருவார், மொபெட்டை நிறுத்துவார், அதன்மேலேயே உட்கார்ந்து பேசுவார், எங்கள் பிள்ளைகளுக்கு வாங்கி வந்ததைக் கொடுப்பார், கிளம்பிவிடுவார். காபி கூடக் கிடையாது. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் கை நனைப்பது என்றால் அது வெறும் சாப்பாடு இல்லை. இந்த வீடும் என் வீடுதான் என்று ஒத்துக்கொள்வது.

"மாமியார் வூட்ல நான் கை நனைக்கமாட்டேன் நைனா. நீயா ஒரு வூடு கட்டு, வரேன்." கல்யாணமான புதிதில் தம்பியிடம் அவர் சொன்னது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, தம்பியும் எடுக்கவில்லை. ஆனால் கான்கிரீட் போட்ட அன்றைக்கு என் வீட்டுக்காரர் மேலே ஏறி நின்று தென்னேரி இருக்கிற திசையைப் பார்த்ததை நான் கீழேயிருந்து பார்த்தேன்.

ஜெபம் செய்து புது வீட்டுக்குக் குடிபோகிற பிரதிஷ்டைக்கு நாள் குறிக்க உட்கார்ந்தோம். எங்கள் பாஸ்டருக்கு ஞாயிற்றுக்கிழமை மூன்று ஊரில் ஆராதனை, மூச்சுவிட நேரமில்லை. சனிக்கிழமை என்றால் வருகிறேன் என்றார். என் வீட்டுக்காரருக்கோ கல்யாண மாதங்களில் ஒரு நாள் ஒழியாது. அவர் ரொம்ப யோசித்து, புரட்டாசியில் வைப்போம், அந்த மாதம் எனக்கு வேலையே இருக்காது, ஆற அமர சமைக்கலாம், கறியும் அப்போது சல்லிசாகக் கிடைக்கும் என்றார். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். படிக்கிற நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. புரட்டாசியில் ஏன் பிரியாணி மாஸ்டருக்கு வேலை இருக்காது, ஏன் கறி சல்லிசாகக் கிடைக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். அவருக்குப் புரட்டாசி என்றால் லீவு. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கோடை லீவு எதற்கு விடுகிறார்கள் என்று தெரியுமா என்ன, அந்த மாதிரி.

சைவக்காரர்கள் யாராவது வருவார்கள், ஒரு குண்டானில் சாம்பார் சாதமும் போட்டு வைக்கலாமா என்று நான் கேட்டது உண்மை. பிரியாணி மாஸ்டர் வீட்டு விசேஷத்தில் சாம்பார் சாதமா என்று அவருக்கு முகம் வாடிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்ட அபூர்வமான நேரங்களில் எல்லாம் இப்படித்தான் ஏதாவது ஆகும்.

வெற்றிலை பாக்கு பழம் வைத்த தட்டோடு வீடு வீடாகப் போய் அழைத்தோம். எங்கள் சொந்தத்தில் முக்கால்வாசிப் பேர் இந்துக்கள், கால்வாசிதான் நாங்கள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. எல்லாரும் தட்டை வாங்கிக்கொண்டு, சேதி கேட்டு, சந்தோஷப்பட்டார்கள். தென்னேரிக்கும் போனோம். அண்ணன் தேதியைக் கேட்டதும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ஒரு பார்வை பார்த்தார். அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் அவரை ஒரு பார்வை பார்த்தார். அண்ணி உள்ளே போய்விட்டார். பிறகு அண்ணன் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ஆவட்டும் நைனா" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் வண்டியை ஓட்டிக்கொண்டே பாட்டு முணுமுணுத்தார். அவர் பாடி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தச் சனிக்கிழமை விடிந்தது. பால் காய்ச்சினோம். வாசலில் சாமியானா போட்டோம். வீட்டுக்குப் பின்னால் கல் கூட்டி அடுப்பு மூட்டி, தேக்சாவை ஏற்றி, அவர் ராஜா மாதிரி நின்றார். சொந்த வீட்டுச் சமையல் என்பதால் புதுச்சட்டை வேறு. கறி வெந்து, அரிசி விழுந்து, மூடிமேல் நெருப்புக் கங்கை அள்ளிப் போட்டு தம் விட்டாயிற்று. வாசனை ரோடு வரைக்கும் போனது. அப்போது தெரு முனையில் சத்தம் கேட்டது. கோவிந்தா, கோவிந்தா.

நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு, மஞ்சள் துணி கட்டி, நாமம் இட்ட சொம்பை ஏந்தி நாலைந்து பேர் வீடு வீடாக அரிசி வாங்கிக்கொண்டு வந்தார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்கு அப்படி அரிசி வாங்கிப் பொங்கிப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் சாமியானா வரைக்கும் வந்தார்கள். மூக்கை உறிஞ்சினார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, அப்படியே வளைந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

என் வீட்டுக்காரர் கையில் கரண்டியோடு பின்பக்கத்திலிருந்து வந்தார்.

"இன்னாம்மே இது, இன்னிக்கி புரட்டாசி சனிக்கெயமையா?"

மாதத்தையும் கிழமையையும் நாங்கள் அப்போதுதான் சேர்த்துப் பார்த்தோம். மூன்றாவது சனிக்கிழமை. புரட்டாசியிலேயே பெரிய சனிக்கிழமை. ஊரே ஒருபொழுது விரதம் இருக்கிற நாள். எங்கள் தெருவில் எங்களையும் இன்னும் இரண்டு கிறிஸ்தவ வீட்டையும் விட்டால் முட்டை கூட உடைக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில், வெற்றிலை பாக்கு வைத்து, ஊரையே கறி சாப்பிட அழைத்திருக்கிறோம்.

போனை எடுத்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து ஆரம்பித்தேன், பக்கத்து வீடுதான் என்றாலும் போனில். வாலாஜாபாத் பக்கம் பிளாட் ஒன்று பார்க்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம், சாயந்திரம் பார்க்கலாம் என்றார். என் சித்தப்பா மகன் புது டிராக்டருக்குப் பூஜை போட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கப் போவதாகச் சொன்னான். நான் விரலை மடக்கினேன். நிலம் ஆயிற்று, ஏர் ஆயிற்று. மூன்றாவதாக என் பெரியம்மா வீட்டுக்காரருக்குப் போட்டேன். அவர் இப்போதுதான் பெண்சாதி கட்டினேன் என்று சொல்லியிருந்தால் கதை அச்சாகப் பொருந்தியிருக்கும். அவருக்கு வயசு எழுபதாகப் போகிறது. போனை ஆஃப் செய்து வைத்துவிட்டார்.

ஒருத்தர் கூட, இன்றைக்கு விரதம், உனக்கு இது கூடத் தெரியாதா என்று கேட்கவில்லை. முகத்தில் அடித்தமாதிரி சொல்ல எங்கள் ஜனத்துக்கு வராது. மனசு நோகுமே என்று பொய் சொல்வார்கள், அந்தப் பொய்யில்தான் மனசு நோகும். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, தேக்சா அடுப்பே தேவையில்லை. அவர்கள் மேல் கோபம், நாள் குறித்த என் வீட்டுக்காரர் மேல் கோபம், தலையாட்டிய என் மேல் கோபம். சபை ஜனம் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் எங்கள் சபையே இரண்டு பாயில் அடங்கிவிடும். பின்னால் தேக்சாவில் பிரியாணி ஊருக்கே ஆகும்.

அவர் அண்ணனுக்குப் போன் செய்யவே இல்லை. நான் செய்யட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம் பொங்கியது. வரமாட்டேன் என்றவர்கள் ஒருத்தர் வாயிலும் இதில் ஒரு பருக்கை படக்கூடாது, போய் ரோட்டில் வேலியோரத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களைக் கூட்டி வாருங்கள் என்று கத்தினேன். கோபத்தில் சொன்னதுதான். அவர் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மெயின்ரோட்டில் தார் போட்டுக்கொண்டிருந்த வடக்கத்திப் பையன்களிடம் முதலில் போயிருக்கிறார். சாப்பாடு என்று கையால் காட்டியிருக்கிறார். அவர்கள் பர்ஸை எடுத்து எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். காசு வேண்டாம் என்றதும் நம்பவில்லை, சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வேலையைப் பார்த்திருக்கிறார்கள். இவர் அங்கேயே நின்று, மண்வெட்டியைப் பிடுங்காத குறையாக, வந்தே ஆகவேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். பிறகுதான் வந்தார்கள். வந்தும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரக் கூச்சப்பட்டு நின்றார்கள். கையைப் பிடித்து இழுத்துத்தான் உட்காரவைத்தேன்.

எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொடுத்த கதையில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சும்மா போடுகிற சோற்றுக்கு எதற்கு வருந்தி வருந்திக் கூப்பிட வேண்டும், பசித்தவன் ஓடி வரமாட்டானா என்று. அன்றைக்குப் புரிந்தது. யாரும் கூப்பிட்டுப் பழகாதவர்களுக்கு, உன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று ஒரு தரம் சொன்னால் காதில் ஏறாது. என் அம்மாவைக் கடைசிப் பந்திக்கு முன்னால் யாராவது கூப்பிட்டிருந்தால் அவரும் பின்னால் திரும்பித்தான் பார்த்திருப்பார்.

அடுத்தது வாத்துக்காரர்கள். அறுப்பு முடிந்த கழனிகளில் மேய்க்க ஆந்திரா பக்கமிருந்து ஒரு குடும்பம் வாத்து ஓட்டி வந்து ஏரிக்கரையில் தங்கியிருந்தது. புருஷன், பெண்சாதி, புருஷனைப் பெற்ற அம்மா. வாத்தை விட்டுவிட்டு வர முடியாது சாமி, நாய் பிடித்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவும் நியாயம்தான். என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா.

"வாத்தையும் ஓட்டிக்கினு வாங்க. எடம் கீது."

எங்கள் தெருவில் அப்படி ஓர் ஊர்வலம் அதற்கு முன்னால் போனதில்லை. முன்னால் என் வீட்டுக்காரர் வண்டியை உருட்டிக்கொண்டு வருகிறார். பின்னால் தெரு அடைத்து வாத்துகள், குவாக் குவாக் என்று, ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு. கடைசியில் கையில் குச்சியோடு அந்தக் குடும்பம். பிளாஸ்டிக் குடம் விற்க வந்த ஒரு பெரியவர் தெருவில் போக வழியில்லாமல் வண்டியை நிறுத்தினார். அவரையும் விடவில்லை. அவர் முஸ்லிம். கறி யார் அறுத்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எங்கள் மாஸ்டர் எப்போதும் பாய் கடையில் பாய் கையால் அறுத்ததுதான் வாங்குவார். அதைச் சொன்னதும் பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

பாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பிரதிஷ்டைக்கு எல்லாரும் சொல்கிற கன்மலைமேல் கட்டிய வீடு பிரசங்கத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். நான் பக்கத்தில் போய், ஐயா, கன்மலை அடுத்த வீட்டுக்கு ஆகட்டும், இன்றைக்குப் பெரிய விருந்தைச் சொல்லுங்கள் என்றேன். அவர் சாமியானாவுக்குள் ஒரு சுற்றுப் பார்த்தார். தார் ஒட்டிய பையன்கள், வாத்துக்காரப் பாட்டி, குடக்காரர், சபை ஜனம், சுற்றிலும் வாத்து. சிரித்துவிட்டார். நன்றாகத்தான் சொன்னார், வாத்துச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திச் சொன்னார். அழைக்கப்பட்டவர்களில் ஒருவனும் ருசிபார்ப்பதில்லை என்ற இடம் வந்ததும் நான் என்னை அறியாமல் பலமாக ஆமென் என்றேன். சபையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ரோட்டு வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தேக்சாவைத் திறந்தோம். என்ன சொல்ல, அப்படி ஒரு சாப்பாடு, அப்படி ஒரு சந்தோஷம். வடக்கத்திப் பையன்கள் பேச்சு புரியாவிட்டால் என்ன, மூன்றாம் தரம் இலையைக் காட்டினார்கள். வாத்துக்காரப் பாட்டி எலும்பை உறிஞ்சிவிட்டு, என் கன்னத்தைத் தடவி, தெலுங்கில் ஏதோ வாழ்த்தினார். ஒரு வாத்து நேராக ஹாலுக்குள் போய், ரூமுக்குள் போய், வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது. குடக்காரர் போகும்போது வெறும் கையோடு எப்படிப் போவது என்று சிவப்புக் குடம் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். பாட்டி மடியிலிருந்து முட்டைகளை எடுத்துக் கொடுத்தார். சபைப் பெண்கள் கஞ்சிராவைத் தட்டிப் பாட, பையன்களில் ஒருத்தன் எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டான். என் வீடு நிறைந்துவிட்டது. நான் கோபத்தையெல்லாம் மறந்து எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டே இருந்தேன்.

என் வீட்டுக்காரர் அத்தனை பேரையும் உபசரித்தார். தான் சாப்பிடவில்லை. சாப்பிடுங்கள் என்று இலை போட்டால், அப்பால, அப்பால என்றார். எனக்குத் தெரியும். வீடு நிறைந்தது, அவருக்கு நிறையவில்லை.

எல்லாரும் போனபிறகு வாத்து எச்சத்தைக் கழுவிவிட்டுக்கொண்டே எனக்கு ஒரு யோசனை வந்தது. கதையில் விருந்து வைத்தவர் அவர்களுக்குக் கிடையாது என்று சொன்னதோடு கதை முடிகிறது. மறுநாள் காலையில் அந்த நிலம் வாங்கினவரைத் தெருவில் பார்த்தால் அவர் என்ன செய்திருப்பார்? எனக்கு மறுநாள் அதே தெரு, அதே குழாய், அதே பக்கத்து வீடு. கர்த்தருக்குத் தெரு கிடையாது, எனக்கு உண்டு. அந்த வார்த்தையை அவர் சொல்லலாம். நான் சொன்னால் தண்ணீர் பிடிக்க எங்கே போவேன்? கதையைச் சொல்லிக்கொடுப்பது லேசு, அதற்குள் குடியிருப்பது கஷ்டம்.

விளக்கு வைக்கிற நேரம். மொபெட் சத்தம் கேட்டது. அண்ணன் வந்து இறங்கினார். நெற்றியில் பளிச்சென்று நாமம். பின்னால் தூக்குப் பாத்திரத்தோடு அண்ணி. என் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார், நின்றவர் நின்றபடியே இருந்தார். அண்ணன் மொபெட்டில் உட்காரவில்லை. ஸ்டாண்டு போட்டுவிட்டு, கால் கழுவிக்கொண்டு, படியேறி, நேராக ஹாலுக்குள் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மூணாவது சனிக்கெயமன்னு அன்னிக்கே சொல்லிக்கலாம்தானே மாமா" என்றேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் அவ்ளோ சந்தோசமா வந்து நின்னீங்க. எப்படிம்மா சொல்றது?" என்றார். பிறகு தம்பியைப் பார்த்தார். "பெருமாளுக்குத் தளிகை போட்டுப் படைச்சாச்சி. காலைலேர்ந்து இன்னும் வாயில எதுவும் படல. இங்க வந்து ஒருபொழுது வுடலாம்னு வந்துட்டேன். ஒரு புடி சோறு வடிச்சிப் போடு நைனா."

அண்ணியின் தூக்கில் புளியோதரை, வடை, சுண்டல் எல்லாம் இருந்தது. ஆனால் அவருக்கு அது போதாது. இந்த வீட்டு அடுப்பில் வெந்த சோற்றில்தான் கை நனைக்க வேண்டும். நாள் முழுக்கப் பட்டினி கிடந்து அதற்காக வந்திருக்கிறார். நல்லவேளை, பிரியாணி பின்பக்கம் ஆனதால் சமையல்கட்டு அடுப்பில் காலையில் பால் காய்ச்சியதோடு சரி, கறி படவில்லை. ஆனால் கறி படாத பாத்திரம் வேண்டுமே. பால் காய்ச்சிய குண்டானை எங்கள் சபைப் பெண்கள் யாரோ கத்தரிக்காய்த் தொக்கும் எலும்பும் அள்ளி வைக்க எடுத்துவிட்டார்கள். கடைகள் தூரம். ஒரே ஒரு வழிதான் இருந்தது.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அக்காதான் திறந்தார், நெற்றியில் நாமம், கையில் கற்பூரத் தட்டு. என்னைப் பார்த்ததும் முகம் என்னமோ ஆகிவிட்டது.

"பிளாட்டு பாத்தாச்சாக்கா?" என்று கேட்டேன்.

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தோம். சுத்தமான பாத்திரம் ஒன்று வேண்டும், அவர் அண்ணன், என் மூத்தார், ஒருபொழுது விட வந்திருக்கிறார் என்றேன். பாத்திரத்தை மட்டும் கொடுத்தனுப்பவில்லை. அரிசியைக் களைந்து அதில் போட்டு, ஒரு சொம்பு மோரையும் எடுத்துக்கொண்டு, அவரே கூட வந்துவிட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பத்தடியில் மத்தியானம் நான் போட்ட சபதம் எங்கே விழுந்ததோ தெரியாது.

சோறு வடித்தது என் வீட்டுக்காரர். நான் செய்கிறேன் என்றதற்கு விடவில்லை. படிக்கணக்கில் அரிசி போட்டே பழகிய கை, ஒரு ஆள் சோற்றுக்குத் தண்ணீர் எவ்வளவு என்று தெரியாமல் தடுமாறியது. ஊற்றினார், கொஞ்சம் எடுத்தார், மறுபடி ஊற்றினார். அடுப்பை விட்டு நகரவில்லை, ஆனால் கண் ஹாலில்தான் இருந்தது. அண்ணன் அங்கே உட்கார்ந்து சுவரைத் தட்டிப் பார்ப்பதையும், மேலே தளத்தைப் பார்ப்பதையும் பார்த்துக்கொண்டே நின்றார். பக்கத்து வீட்டு அக்கா, மாஸ்டர், சோறு என்று ஒரு தரம் சொன்னார். அவர் காதில் விழவில்லை.

இலை போட்டு, கிண்டி எடுத்து, பரிமாறினார். நான் எட்டிப் பார்த்தேன். ஐயோ என்றிருந்தது. அத்தனை வருஷத்தில் அவர் கையால் அப்படி ஒரு சோறு நான் பார்த்ததில்லை. சோறும் இல்லை, கஞ்சியும் இல்லை. அண்ணன் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, மோரை ஊற்றி, கை நனைத்து, ஒரு வாய் வைத்தார். மெதுவாக மென்றார். என் வீட்டுக்காரர் கரண்டியைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொயஞ்சி பூட்டுது நைனா" என்றார் அண்ணன். இலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். "இன்னும் கொஞ்சம் போடு."